எட்டு கோலுக்கு மறுநாள்

என் அன்பானவருக்கு,

கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை எப்படிப் போகிறது? குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறீர்களா?

போன வாரம் இங்கே திலியில் நம் கிழக்குத் தீமோர் கால்பந்து அணி மறுபடி தோற்றது. எட்டு கோல். உங்கள் இடத்தில் இப்போது அனிசெட்டுதான் கோல் காக்கிறான். மறுநாள் காலை நம் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் பத்து கோல் வாங்கினாரே, மறுநாள் எப்படி வெளிய போனாரு?"

நீங்கள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததையும், அந்த வெட்கத்திலேயே அந்த வாரம் இங்கிலாந்துக்குக் கிளம்பியதையும் அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. "கூடையை எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போனாரு, வேறென்ன?" என்று சொல்லிவிட்டேன்.

அவன் நம்பிவிட்டான். என் கூடையையே வாங்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினான். எனக்குப் பயமாகிவிட்டது, நானும் பின்னாலேயே போனேன்.

மீன்காரி பிலொமேனா அவனைப் பார்த்ததும், "வாப்பா, எட்டு மீன் போடவா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாக, "ஒண்ணு போதும்க்கா. அதையும் இறுக்கிக் கட்டிக் குடு, என் கைதான் தெரியுமே" என்றான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மீனைக் கூடுதலாகவே போட்டுக் கொடுத்தாள். அதற்குள் மற்றவர்கள் கீரைக்குப் பேரம் பேசப் போய்விட்டார்கள்.

அந்தக் கேலி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன்.

மூன்று வருடம் போதும், வந்துவிடுங்கள். சந்தைக்குத் தனியாகப் போக வேண்டாம். நானும் கூட வருகிறேன்.

உங்கள் மனைவி