வேண்டாம் என்று எடுத்து வைத்தவை

அன்புள்ள காவ்யாவுக்கு,

அன்று காலை மதுரை ஸ்டேஷனில் நான் உன்னிடம் கேட்காமல் விட்டது ஒரே கேள்விதான். மாத்திரை எடுத்துக்கொண்டாயா என்று கேட்கவில்லை. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே நாக்பூர் ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். பதினோரு நாளாக நீ என் போனை எடுக்காததால் இதை எழுதுகிறேன். கூடவே பச்சை ஜிப் பையும் வருகிறது. அதைப் பார்த்ததும் கோபப்பட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடாதே, கடைசி வரை படி.

ஏன் கேட்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன்னை வழியனுப்ப அத்தை நாயக்கர் மகால் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தையே அழைத்து வந்திருந்தார். கடையிலும் பஸ்ஸிலும் மற்றவர் முன்னால் ரகசியம் பேச நமக்குச் சௌராஷ்டிர பாஷை இருக்கிறது, ஆனால் அந்தப் பிளாட்பாரத்தில் நம்மைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள். கண்ணால் கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முறுக்கு டப்பாவை மேலாக்க வச்சியாடி, அடியில வச்சா நொறுங்கிரும்" என்றார். நீ இமைக்காமல், "மேலதான் அத்தை இருக்கு" என்றாய். டப்பா நம் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். இவ்வளவு சுலபமாக உனக்குப் பொய் வருகிறதே என்று அப்போது சிரிப்புத்தான் வந்தது. வண்டி நகரும்போது அத்தை என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் இவ இப்படித் தனியாப் போக மாட்டா ஹம்சா, என் மகன் கூடப் போவான்" என்றார். எழும்பூரில் இறங்கும் உன்னை சென்ட்ரலுக்குக் கூட்டிப் போய் இரவு வண்டி ஏற்றிவிட, சென்னையில் இருக்கும் அந்த மகன் ஸ்ரீனிவாஸை ஏற்பாடு செய்ததும் அவர்தானே.

பையைக் குறைக்கச் சொன்னது நான். தூக்கம் கெடக் கூடாது, உடம்பை அலுக்கவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நீ பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறுவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்காது. அதனால்தான் மூன்று நாள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது இல்லாமல் ஒரு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டேன். அயர்ன் பாக்ஸ், குக்கர், அகராதி, இரண்டாவது போர்வை, அத்தையின் டப்பா எல்லாம் வீட்டிலேயே விட்டுப்போகும் கட்டைப்பைக்குப் போயின. நீயும் உற்சாகமாகி, "அப்பாவையும் இங்கயே வச்சுட்டுப் போறேம்மா, அவரு எழுபது கிலோ" என்றாய். அவர் கப்பலூர் பேக்டரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "என்னைய டிக்கெட் இல்லாத லக்கேஜாவே ஆக்கிட்டீகளே" என்று சிரித்தார். பை ஒன்பது கிலோவுக்கு வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு துணிப்பையோடு நான் படிப்புக்காக லைப்ரரிக்கும் ஊருக்கும் அலைந்த காலம் நினைவுக்கு வந்தது. என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஸ்டேஷனிலிருந்தே ஷிப்டுக்குப் போய்விட்டார். அத்தை மட்டும் என்னோடு திருநகருக்கு வந்தார். கூடத்தில் கட்டைப்பை நின்றது, டப்பாவின் மூடி வெளியே தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அதன் கீழே போர்வை, போர்வைக்குள் உன் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குள் பச்சைப் பை. உன் மாத்திரை, மூன்று மாதத்துக்கு வாங்கியது, ஓர் அட்டைகூடப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு இருந்தது.

உனக்கு போன் செய்தேன். வண்டி திண்டுக்கல் தாண்டியிருந்தது. எல்லாம் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். "எடுத்துக்கிட்டேம்மா, மாத்திரையும் எடுத்துக்கிட்டேன், போதுமா? வைக்கவா?" என்றாய். அப்போது அந்தப் பை என் கையில் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. கூடத்தில் அத்தை இருந்தார் என்பது பாதிக் காரணம். பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று தெரிந்தால் நீ போனை அணைத்துவிடுவாய், அப்புறம் நாக்பூர் வரை உன்னை எப்படித் தொடுவேன் என்ற பயம் மீதி.

நீ ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அப்போதே புரிந்தது. நான்கு வருடமாக அது வரவில்லை. ஒரே அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருப்பார்கள், அவர்கள் பார்ப்பார்கள். ஒரு மாதம் இருக்க முடியுமா என்று நான் கேட்ட கேள்வியை நீ மாத்திரைக்கும் கேட்டுப் பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு யாராவது வந்தால் அட்டைகளை டீத்தூள் டப்பாவுக்குள் போட்டு மூடியவள் நான். இந்த ஆறு வருடத்தில் அதன் பெயரைக்கூட இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, 'அது' என்போம். வேறு எப்படி நீ கற்றுக்கொள்வாய்?

ஆனால் அந்த நிமிடம் இந்த நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. இரவு வண்டியில் உனக்கு மேல் பர்த். அந்த இரும்பு ஏணியும் அந்த உயரமும் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றன. பத்தாம் வகுப்பில் பாத்ரூம் கதவுக்கு உள்ளே நீ விழுந்த சத்தம் மறுபடி காதில் கேட்டது. அணைத்த ஸ்டவ்வையே இன்னொரு முறை அணைத்தேன். சென்னையில் உன்னைப் பார்க்கப் போகிறவன் ஸ்ரீனிவாஸ் ஒருவன்தான். தலைவலி மாத்திரை என்று சொல்லி வாங்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் மாத்திரை மட்டும் போதாதே, மேல் பர்த்தை மாற்ற வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும், காரணம் தெரியாமல் அவன் எதற்கு இதையெல்லாம் செய்வான்?

அவனுக்குச் சொன்னேன். வலிப்பு என்ற சொல்லை முதல் முறையாக என் வாயால் சொன்னேன். அவன், "வந்துச்சுன்னா என்ன செய்யணும், அதை மட்டும் சொல்லுங்க அத்தை. சீட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, வண்டி வர இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்கு" என்றான். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணித்தால் தடுத்துவிடு, எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் அத்தை நின்றார். "எத்தனை வருஷமா?" என்றார். ஆறு என்றேன். "என்கிட்டயுமா ஹம்சா?" என்றார். காபியைக் குடிக்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மாலையில் ஸ்ரீனிவாஸ் ஒரு படம் அனுப்பினான். கீழ் பர்த்தில் ஜன்னல் ஓரம் நீ, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒரு பெரியவர் தன் இடத்தைக் கொடுத்தாராம், மாத்திரையை அவன் கண் முன்னாலேயே நீ போட்டாயாம். ஏழு மணிக்கு உன் மெசேஜ், "யாரைக் கேட்டு அவன்கிட்ட சொன்ன?" மறுநாள், "ரீச்டு". அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

யாரையும் கேட்கவில்லை, காவ்யா. உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதற்காகவே கேட்கவில்லை. அது சரி என்று வாதாட நான் இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இப்போதும். காலையும் மாலையும் எட்டு மணிக்கு உன்னுடைய அலாரம் என் போனிலும் அடிக்கிறது, அதை அணைத்துவிட்டு நீ போட்டிருப்பாயா என்று நிற்கிறேன். பயத்தில், படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. ஸ்ரீனிவாஸ் வாங்கித் தந்தது இன்னும் மூன்று நாளில் தீர்ந்துவிடும், இந்தப் பை அதற்குள் வந்துவிடும். அறையில் இருக்கும் மூவரில் ஒருத்தியிடமாவது சொல். கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்கு. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதே. அங்கே குளிர் வந்துவிட்டால் ஸ்வெட்டர் வாங்கிக்கொள், உன்னுடையது இங்கே இருக்கிறது. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும், மாத்திரை போட்டதும் ஒரு புள்ளியாவது அனுப்பு, வார்த்தை வேண்டாம்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் நீண்ட ஆயுளோடு நீ இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் உண்டு. எட்டு மணியை மறக்காதே.

உன் நலனையே நினைத்திருக்கும் அம்மா,
ஹம்சவேணி துளசிராம்
திருநகர்

பி.கு. கவரை ஒட்டும்போது அத்தை வந்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு இன்றுதான் வந்தார். உட்காரவில்லை. மேலே எழுதியதை நான் மாற்றவில்லை, அவர் சொன்னதை மட்டும் சேர்க்கிறேன். அன்று இரவு வண்டியில், விடியும் நேரத்தில் உனக்கு வந்திருக்கிறது. இரண்டு நிமிடம் இருந்ததாம். எதிர் பர்த்தில் இருந்த அம்மாள் உன்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாராம். நீ ஸ்ரீனிவாஸிடம் சொல்லி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றிருக்கிறாய். அவன் நேற்றுத்தான் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். நீ கீழ் பர்த்தில் இருந்தாய். விழவில்லை.