தலைவரின் காரும் ஒரு கண்டுபிடிப்பும்

அத்தைக்கு உங்கள் மருமகள் வணங்கி எழுதுவது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? சாமி புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌக்கியம்.

உங்கள் பிள்ளையின் ஆய்வகக் கருவி காந்தத்தின் மிக நுண்ணிய அசைவையும் அளந்துவிடும். இரும்புக் கொக்கி ஆகாதென்று அவர் கால்சட்டைக்கு நான் நாடா தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கருவியில் தினமும் காலையில் ஒரு துள்ளல் தெரிந்தது. விண்வெளியிலிருந்து வரும் புதுச் சமிக்ஞை என்று அவருடைய தலைவர் மேடை மேடையாக முழங்கினார். அந்தத் தலைவர் விடுப்பில் போனதும் துள்ளலும் விடுப்பில் போய்விட்டது! சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நிறுத்தும் கார்தான் அத்தனைக்கும் காரணம். இத்தனை பட்டம் வாங்கிய மகானுக்குத் தன் கார் இரும்பு என்பது தெரியவில்லை.

"சார், காரைத் தள்ளி நிறுத்திப் பாத்துடலாமே" என்றாராம் உங்கள் பிள்ளை.

"ஊரெல்லாம் சொல்லியாச்சுப்பா. பேசாம கட்டுரையில கையெழுத்துப் போடு. அடுத்த வருஷமும் வேலை வேணுமில்ல?"

பால் கணக்கில்கூட நான் இப்படிப் பொய் எழுதியதில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்!

"என்ன செய்யட்டும்?" என்று உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.

"போட்டுட்டு சாமி முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பீங்க?" என்றேன்.

அவர் போடவில்லை.

நீங்கள் காலையில் பாடுவதை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். பகலெல்லாம் இங்கே என்னோடு பேசுவது குக்கர் மட்டும்தான். அவர் வந்துவிட்டார், கதவைத் திறக்க வேண்டும். நாங்கள் இருவரும் அங்கே வந்து தங்க மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். அவசரமில்லை, இந்த மாதக் கடைசிக்குள் முடிந்தால் போதும்.