குரல் வேண்டாம், கையெழுத்து அனுப்பு

கெண்டு பே
மார்ச் 9, திங்கள்

அன்புத் தம்பி ஒகல்லோவுக்கு,

அக்கா அதோயோ எழுதுகிறேன். இங்கே யாரும் நலமில்லை. நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். பேனா பிடித்து வருடக்கணக்காகிவிட்டது. என் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் தேதி உன் கப்பல் மீன் இறக்க வால்விஸ் பே துறைமுகத்தில் நிற்கும் என்று சொன்னாய். அதற்குள் இந்தக் கடிதம் மாலுமிகள் விடுதிக்கு வந்துவிடும் என்று கூரியர் கடைக்காரன் சத்தியம் செய்கிறான். படித்த அன்றைக்கே உட்கார்ந்து, உன் இடது கையால், அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி அதே கூரியரில் போடு. இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அது இங்கே வர வேண்டும். மறுநாள் சனிக்கிழமை உன்னை அடக்கம் செய்கிறார்கள்.

போன வாரம் போனில் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "இருக்குறவனுக்கு என்னக்கா அடக்கம்"னு கேட்டாய். சிரிக்கிற விஷயம் இல்லை ஒகல்லோ. யாகோ மரத்தில் காய் பார்த்தாகிவிட்டது. உடல் கிடைக்காதவனுக்கு உடலாக அந்தக் காயைத்தான் புதைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். ஏரியில் போன நம் பக்கத்து வீட்டு மீனவனுக்குப் புதைத்தபோது நீயும் மண் அள்ளிப் போட்டாய். உன் வாசலுக்கு வலப்பக்கம் குழிக்கு அளவெடுத்துக் குச்சி நட்டிருக்கிறார்கள். உன் மகள் அந்தக் குச்சிகளைச் சுற்றி ஓடி விளையாடுகிறாள். யாரும் தடுக்கவில்லை.

மூழ்கிய கப்பலின் பெயர்ப்பட்டியலில் உன் பெயர் இருந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் உன்னை வேறு கப்பலுக்கு மாற்றினார்கள், பட்டியலை யாரும் திருத்தவில்லை என்று நீ பிறகு சொன்னாய். அந்தப் பிறகு வர ஒன்பது நாள் ஆனது. சாயங்கால ரேடியோவில் சாவு அறிவிப்புகளுக்கு நடுவே உன் பெயரை, அப்பா பெயரோடு, ஊர் பெயரோடு வாசித்தார்கள். ஒன்பது நாள் முற்றத்தில் நெருப்பு எரிந்தது, ஊரே வந்து அழுதது. பத்தாம் நாள் நீ கூப்பிட்டாய். நான் என் சைபர் கடையில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டதும் கத்திய கத்தலில் எதிர்க்கடை வெல்டிங்காரன் ஓடி வந்தான். கடையைக்கூடப் பூட்டாமல் மோட்டார் சைக்கிள் பிடித்து அப்பாவிடம் போய், போனை அவர் காதில் வைத்தேன். நீ அழுதாய். அப்பா முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டி, "நல்லாத்தான் செஞ்சிருக்கானுங்க" என்றார்.

இதற்கு நான்தான் காரணம். ஊரில் எல்லோரும் சொல்வதை நானே எழுதிவிடுகிறேன்.

என் புதன்கிழமை வாசிப்பு உனக்குத் தெரியும். இணையத்தில் பத்திரிகைகளைப் பற்றி, போன்களைப் பற்றி, இவை மனிதர்களை என்ன செய்கின்றன என்பதைப் பற்றி நல்ல கட்டுரைகள் வந்தால் எடுத்து, நம் மொழியில் சொல்லி, குரல் பதிவாக வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். எட்டுப் பேரோடு ஆரம்பித்தது. நீ கப்பலேறும்போது எழுநூறு பேர். அப்பாவைப் போல் ஒரு கேட்பவர் எனக்குக் கிடைத்ததில்லை. முப்பது வருடம் தபாலாபீஸில் கடிதம் பிரித்தவர். ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுநாள் கடைக்கே வந்து கேள்வி கேட்பார். எனக்குப் பெருமை தலைக்கேறிப் போயிருந்தது.

போன ஜூலையில் கணினி எப்படி ஒருவரின் குரலைத் திருடுகிறது என்று ஒரு கட்டுரை படித்தேன். சொன்னால் யாருக்கும் புரியாது, செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். அப்பா குரலையே எடுத்தேன். "என் செவலைக் காளைய ஒலாங்குக்குக் குடுத்துட்டேன்" என்று அப்பா சொல்வதுபோல் ஒரு பதிவு செய்து, அதற்குப் பின்னால் விளக்கமும் சேர்த்து அனுப்பினேன். நம் பெரியப்பா மகன் ஒலாங்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? விளக்கம் வரைக்கும் யார் கேட்டார்கள்! விடிந்ததும் கயிற்றோடு வந்து நின்றுவிட்டான். "சித்தப்பா வாக்கு மாறக்கூடாது"ன்னு சண்டை வேறு. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "இது நான்தான். ஆனா நான் சொல்லலையே" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குள் என்னவோ முறிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் எதைக் காட்டினாலும் நான் சொல்லிக் கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார். திருத்திய பட்டியலைக் காட்டினேன். "திரையில வர்றத நம்பாதேன்னு சொன்னது யாரு?" கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினேன். "கம்பெனிக்காரன் வேற எப்படிச் சொல்லுவான்? செத்தவன் வாயாலேயே பேச வச்சுட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல?" வீடியோவில் உன்னைக் காட்டினேன். கப்பலில் லைன் சரியில்லாமல் உன் படம் நின்று நின்று வந்தது, நீ பேசி முடித்த பிறகும் உதடு அசைந்தது. அப்பா மெதுவாக என் தோளைத் தட்டி, "வாயும் வார்த்தையும் ஒட்டலியேம்மா. அதத்தான பாக்கச் சொன்ன?" என்றார். கோபமே இல்லை அவரிடம். என்மேல் பரிதாபப்படுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நமக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்டுப் பார் என்று உன் மனைவி அபோண்டி சொன்னாள். அப்பா சிரித்தார். "பத்து வருஷமா எல்லாத்தையும் போன்லதான பேசுனீங்க, எழுதுனீங்க? அவன் போனு யார் கையில இருக்கோ அவனுக்கு எல்லாம் தெரியும்." சரி, போனுக்கு முந்தைய காலத்தில் இருந்து கேட்போம் என்று, அம்மா நம் இருவரையும் ஒரே நாளில் அடித்தது எதற்காக என்று உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா, நான் கேட்டது? நீ கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, "ஞாபகம் இல்லக்கா, பாலைக் கொட்டுனதுக்கா?" என்றாய். பால் இல்லை ஒகல்லோ. நீ எப்போதும் மறதிக்காரன், வாசலிலேயே கழற்றி வைத்த செருப்பைத் தெருவெல்லாம் தேடுகிறவன், அதனால்தான் மறந்திருப்பாய். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அப்பாவைத் திட்டாதே. அவர் கல்நெஞ்சுக்காரர் என்று நீ நினைப்பாய். அவர் உகாலிக் களியைத் தொட்டு ஒரு வாரமாகிறது. கறுப்புத் தேநீர் மட்டும் குடிக்கிறார். "என் புள்ள தண்ணிக்குள்ள கெடக்கான். குளுருதுன்னு கனவுல வந்து நிக்கிறான். வீட்டு வாசல்ல ஒரு புடி மண்ணுகூடக் குடுக்கலைன்னா நான் என்ன அப்பன்?" என்று கேட்கிறார். உனக்காகத்தான் இதெல்லாம் செய்கிறார். அவர் செய்கிற ஒவ்வொன்றும் உன்மேல் வைத்த பாசம், அதுதான் உன்னைக் குழியில் தள்ளுகிறது.

அபோண்டி நிலைமையைச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஏன் போன் எடுப்பதில்லை என்று என்னிடம் கோபப்பட்டாய். அவள் போனைத் துணியில் சுற்றி மாவுப் பானைக்குள் வைத்திருக்கிறாள். மணி அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறாள். "அக்கா, அது அவருன்னா ஏன் வீட்டுக்கு வரல? அவரு இல்லன்னா எதுக்கு என்னைக் கூப்பிடுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பாஸ்போர்ட் ஏஜென்டிடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருக்கிறது என்று விளக்கினேன். காதில் ஏறவில்லை. அடக்கம் முடிந்து தலை மழித்த பிறகு அவளை ஒலாங் பொறுப்பில், அவன் மனைவியாக, விடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். ஒலாங் இப்போதே உன் வேலியைக் கட்டுகிறான்.

காய் மண்ணுக்குள் போய்விட்டால் ஏழு மாதம் கழித்து நீ வந்து வாசலில் நின்றாலும் யாரும் உன்னை உள்ளே விடமாட்டார்கள். புதைத்தவனுக்குச் சோறு போட மாட்டார்கள். உன் மகள் உன்னைப் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிவிடுவார்கள். பரிகாரம் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், இல்லவே இல்லை என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன புதன்கிழமை கடைசியாக ஒரு பதிவு போட்டேன். எல்லாக் குரலும் பொய் இல்லை, என் தம்பி உயிரோடு இருக்கிறான், நான் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள் என்று அழுதுகொண்டே கெஞ்சினேன். ஒலாங் உடனே பதில் போட்டான்: "இது அதோயோதானா, இல்ல மிஷினா?" முந்நூறு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். குழுவை மூடிவிட்டேன்.

அப்பா ஒரே ஒரு வழிதான் விட்டிருக்கிறார். ஊர்த்தலைவர் சீஃப் முன்னால் கேட்டு வாங்கினேன். "தபாலாபீஸ்ல லட்சம் கையெழுத்து பாத்தவன் நான். அவன் இடது கையால எழுதுனா கோடு எங்க அழுந்தும், எங்க சாயும்னு எனக்குத் தெரியும். காகிதத்துல, மையில, வரட்டும். அவன் எழுத்துதான்னா நானே குழிய மூடுறேன்." போட்டோ எடுத்து அனுப்பாதே, அச்சடிக்காதே. என்ன எழுத வேண்டும் என்று யோசிக்காதே, நாலு வரி போதும். பேனாவை அழுத்திப் பிடி. எப்போதும் பிடிக்கிற மாதிரிப் பிடி.

மார்ச் 10, செவ்வாய், காலை

கூரியர் கடை திறக்கக் காத்திருக்கிறேன். நேற்று உறையை ஒட்டிய பிறகு ஒன்று நடந்தது, அதனால் பிரித்து எழுதுகிறேன்.

சாயங்காலம் அப்பா ஆள் அனுப்பினார். காயை இறக்கிவிட்டார்கள், மூத்தவள் நான்தான் சுற்றி வைக்க வேண்டும் என்றார். முடியாது, அவன் இருக்கிறான் என்று சொல்லத்தான் போனேன். அப்பா உன் பச்சைக் கோடு போட்ட சட்டையை என் கையில் கொடுத்தார். காய் என் முழங்கைக்கு மேல் நீளம் இருந்தது. தூக்கினால், குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்த கனம். சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டேன். மேல் பொத்தானைப் போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நெருப்பு எரிந்த அந்த ஒன்பது நாளில்கூட நான் அப்படி அழவில்லை. அபோண்டி வந்து கட்டிக்கொண்டாள். அப்பா என் தலையில் கை வைத்து, "இப்பதான் உனக்கு வெளங்குச்சு" என்றார். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் அப்படி நினைக்கவில்லை ஒகல்லோ. அப்படி நினைத்தால் இவ்வளவு காசு கட்டி இந்தக் கடிதத்தை அனுப்புவேனா?

திரும்பி வரும் வழியில் நீ கூப்பிட்டாய். திரையில் உன் பெயர், உன் படம். கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். மணி அடித்து ஓயும்வரை நின்றேன். இரண்டாம் முறையும் அடித்தாய். விரல் வரவில்லை. என்னை மன்னித்துவிடு. அது நீயாக இருந்தால் மன்னித்துவிடு.

அப்பாவுக்கு எழுதும்போது எனக்கும் தனியாக ஒரு தாள் எழுது தம்பி. நான் பார்க்க வேண்டும். கடவுள் நியாசாயே உன்னைக் கரையில் வைத்திருக்கட்டும், உன் கையைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அதுவரை தயவுசெய்து என்னைப் போனில் கூப்பிடாதே.

உன் அக்கா,
அதோயோ