தலைவரைப் பற்றி இன்னொருவர் எழுதியது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. கோலா பிலா பஸ் அரை மணி தாமதம். நான் வேலை செய்யும் தட்டச்சுக் கடையில் நகல் இயந்திரத்துக்கு மை தீர்ந்துவிட்டது.

மதியம் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் வந்தார் (இனி த.). சிரம்பான் தையல் பயிற்சிக்கு அவரிடம் நான் சிபாரிசுக் கடிதம் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளுக்கு வேறு யார் தருவார்கள்?

கடிதம் கொண்டுவரவில்லை. கையால் எழுதிய இரண்டு தாள். அவருடைய வாழ்க்கை வரலாறு. இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்ற வேண்டுமாம்.

"நானே போட்டா ஒத்துக்க மாட்டானுங்களாம் லா. நீ உன் பேருல போடு. வேற யாரோ எழுதின மாதிரி இருக்கணும்."

என் கடிதம்?

"அத நீயே டைப் பண்ணி வை பாப்பா. நான் சைன் வச்சிடறேன்."

ஏன் நான்? வாய் திறக்காதவள் என்பதாலா?

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். தட்டச்சு செய்தேன். தன்னையே 'அன்னார்' என்று எழுத எப்படிக் கை வந்தது?

- பிறந்த ஊர். சரி.
- கோயில் தலைவர். சரி.
- 'மக்கள் நாயகர்'. எந்த மக்கள் சொன்னது?
- தோட்டத்து இடுகாட்டை இடிக்க இயந்திரம் வந்தபோது 'தனி ஒருவராக நின்று தடுத்தார்'.

ஆதாரத்துக்குப் பத்திரிகைப் படம் ஒன்று. நடுவில் த. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பெண், முகம் இல்லை. இடுப்பில் குழந்தை. புது மை போட்டதும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்தாள். கை கழுவுமுன் படத்தைக் காட்டினேன். இடுப்பில் இருப்பது நான் என்றாள்.

அப்பாவைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லையாம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது இயந்திரச் சத்தம். வேலையை விட்டு ஓடிப்போய் அப்பாவின் மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மற்றப் பெண்கள். த. வந்தது பத்திரிகைக்காரர்கள் வந்த பிறகு. இஸ்திரி போட்ட சட்டை.

"அவரும் மேனேஜர்கிட்ட பேசினாரு. இல்லேன்னு சொல்லக்கூடாது."

ஏன் இதுவரை சொல்லவில்லை என்றேன்.

"யாரு கேட்டா?"

உன் பேரையும் சேர்க்கட்டுமா என்றதற்குச் சிரித்தாள்.

"பெரட்டுல நம்ம பேர நாமளேவா எழுதிக்கிட்டோம்? ஆபீஸ் கிராணிதானே கணக்குல எழுதுவாரு."

தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "கிராணியும் சில நாளு தப்பா எழுதுவாரு" என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

த. பக்கத்தில் நின்று, என் பேரில் ஏற்ற வைத்தார். ஏற்றினேன். கடிதம் வேண்டுமே.

பிறகு என் கடிதத்தை அடித்தேன். 'இவர் பொறுப்பானவர், துணிச்சலானவர்.' திரும்பப் படித்தேன். யார் இந்த 'இவர்'? த.வின் தாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 'துணிச்சலானவர்' அழித்தேன். த. வீட்டில் வைத்து சைன் போடுகிறேன் என்று வாங்கிப் போனார். ஏன் இங்கேயே போடவில்லை?

நவம்பர் 7, வெள்ளி

மறுபடி மழை. வாடிக்கையாளர் இல்லை.

கலைக்களஞ்சியத்தில் பக்கங்களைச் சரிபார்க்கும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இவரோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா? 'தனி ஒருவராக' என்பதற்கு என்ன ஆதாரம்?

த.வுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தொடர்பு இல்லேன்னு போடு. உன் லெட்டரு இன்னும் எங்கிட்டதான் இருக்கு பாப்பா."

பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இது:

'உண்டு. எழுதிக் கொடுத்தவர் அவரே. எனக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது, அதனால் ஏற்றினேன். தனி ஒருவராக அல்ல. படத்தின் ஓரத்தில் இருப்பது என் அம்மா, குழந்தை நான். அதனால் அம்மா செய்ததையும் நான் எழுதக்கூடாது. யாராவது தோட்டத்துக்கு வந்து கேளுங்கள்.'

போன் அடிக்கிறது. த.தான்.