தலையில் இல்லாத அண்டா

நவம்பர் 18, 2024, திங்கள்

மத்தியானம். என் மனைவி பேராச்சி உளுந்தை ஊறப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். நான் இந்தப் போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இது எழுதிக்கொள்ளும், கேட்டால் திரும்பப் படித்தும் காட்டும் என்று நேற்று பாண்டுப்பிலிருந்து வந்த மருமகள் பிரேமலதா வைத்துக் கொடுத்தாள்.

"அத்தை காதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்க மாமா. இனிமே எல்லாத்தையும் இதுகிட்ட சொல்லுங்க" என்றாள்.

நம் பக்கத்துப் பேச்சு அதற்குப் பிடிபடாதாம். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல் பேச வேண்டுமாம். பேசுகிறேன். கோபம் வந்தால் எப்படி வருமோ தெரியாது.

விஷயம் இதுதான். என் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டி, இனித் தலையில் ஒரு படி அரிசிகூட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இளவட்டத்திலிருந்து இந்தப் பம்பாயில், தாராவியில் கிளம்பி மாட்டுங்கா வரை இட்லி அண்டாவைத் தலையில் வைத்து நடந்தவன் நான். மற்ற இட்லிக்காரர்கள் எப்போதோ சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். எனக்குச் சைக்கிள் தெரியாது.

"போதும்ப்பா, சோடோ, விட்டுருங்க. பொங்கல் முடிஞ்சதும் டெம்போ கொண்டு வாறேன். ரெண்டு பேரும் பாண்டுப்ல வந்து நிம்மதியா இருங்க" என்கிறான் மகன் மகேஷ்குமார். நல்ல பையன். ஏழாவது மாடி. நிம்மதி அங்கே நிறையவே இருக்கும்.

பொங்கலுக்குள் சைக்கிள் படித்துவிடுகிறேன், முடிந்தால் தாராவி, முடியாவிட்டால் பாண்டுப் என்று சொல்லிவிட்டேன். பேராச்சி மாவுக் கையோடு நின்று கேட்டாள். அவர்கள் போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "கிரைண்டர அந்த ஏழாவது மாடிக்கு ஏத்த விடுவாங்களா?"

நவம்பர் 20

ஜெயினுலாப்தீன் தொண்ணூறடி ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடையநல்லூர்க்காரன், என் வயதுதான். பழைய சைக்கிள் ஒன்றை எண்ணெய் போட்டுக் கொடுத்தான்.

"விழணும்னா வலது பக்கமா விழும் வே. எடது பெடல் புதுசு."

நவம்பர் 21

மாட்டுங்கா மைதானத்தில் இரண்டு தடவை விழுந்தேன். பெடல் தப்பித்தது.

நவம்பர் 27

என் ஞாபகம்தான் எனக்குச் சத்துரு. மாட்டுங்காவில் எந்த வீட்டில் சாம்பாருக்கு வெங்காயம் ஆகாது, எந்த வீட்டில் ஏகாதசிக்கு இட்லி வேண்டாம், எல்லாம் தலைக்குள் இருக்கிறது. அதே போல விழுந்ததும் இருக்கிறது. வேப்ப மரத்தடி, தண்ணீர்க் குழாய், கிரிக்கெட் பையன்களின் ஸ்டம்பு. அந்த இடங்களுக்குக் கிட்டே போகும்போதே முழங்கால் முன்கூட்டி வலிக்கிறது. விழாமல் போன இடம் ஒன்றாவது ஞாபகத்தில் நிற்கிறதா? இல்லை.

டிசம்பர் 3

போனே, இதை நன்றாக எழுதிக்கொள். இன்று மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனேன். யாரும் பிடிக்கவில்லை. காற்று காதுக்குள் போயிற்று. வேட்டி சங்கிலியில் மாட்டவில்லை. சுவர் வந்ததும் எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் சுவரையே பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தேன்.

டிசம்பர் 4

டயரில் காற்று இல்லை. போகவில்லை.

டிசம்பர் 5

இன்றும் காற்று இல்லை. என்ன டியூபோ.

டிசம்பர் 6, வெள்ளி

மானம் போச்சு.

ஜெயினுலாப்தீன் வேறு வால்வு நட்டு மாட்டிக் காற்றடித்து டியூபைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை. "ஓட்டையே இல்லையே வே, அப்பம் பழைய நட்டு எங்கன போச்சு?" என்று தாடியைச் சொறிந்துகொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துப் பேராச்சி என் சட்டையோடு கடைக்கு வந்தாள். துவைக்க எடுத்தாளாம். பையிலிருந்து வால்வு நட்டை எடுத்து அவன் மேசையில் வைத்தாள்.

"அண்ணே, இது உங்க சைக்கிள் சாமானான்னு பாருங்க. இவிய பைக்குள்ள கெடந்தது."

ரெண்டு பேரும் என்னையப் பாக்காவ. நாந்தான் கழத்துனேன். முந்தாநேத்துக் காலையில கை தானாப் போயி கழத்திச்சு. நேத்தும் மாட்டாம அப்படியே விட்டுட்டேன். ஏன் கழத்துனேன்னு எனக்கே தெரியலையே, இவங்ககிட்ட என்னத்தச் சொல்லுவேன்?

ஜெயினுலாப்தீன் சிரித்தான், கடைக்கு வந்த ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பிறகு நட்டைத் திருகி மாட்டினான். "இனி கழத்தணும்னா என் கடைக்கு வந்து கழத்தும். டீ வாங்கித் தாறேன். குடிச்சுக்கிட்டே கழத்தலாம்."

பேராச்சி வழி நெடுக என் சட்டையை மடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் சொன்னாள்: "பாண்டுப்புக்குப் போகணும்னா நேரா சொல்லுங்க. நான் புருசங்கூட வரமாட்டேன்னா சொல்லப் போறேன்?"

டிசம்பர் 8

இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். மோசமாக விழுந்த நாட்களில் நான் நட்டைத் தொடவில்லை. நன்றாக வந்த மறுநாள்தான் கழற்றினேன். ஏன்?

தெரியாதவனாக இருக்கிற வரை என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. கிழவனுக்குச் சைக்கிள் வரவில்லை, பாவம் என்று போய்விடுவார்கள். வந்துவிட்டால்? அண்டாவோடு ரோட்டில் இறங்க வேண்டும். சாம்பாரும் சட்னியுமாக மாட்டுங்கா நடுவில் விழுந்தால் அது சைக்கிள் விழுந்ததாகாது, இந்த வெயிலுமுத்து விழுந்ததாகும். அதற்குப் பயந்து நானே என் காற்றைப் பிடுங்கியிருக்கிறேன்.

பேராச்சியிடம் சொன்னேன். "இதுக்கா இம்புட்டு நாளு எடுத்தீய?" என்று கேட்டுவிட்டு மாவு வழிக்கப் போய்விட்டாள். பாட்டு முணுமுணுத்த மாதிரி கேட்டது.

டிசம்பர் 12

காலையில் கை மறுபடியும் வால்வுப் பக்கம் போயிற்று. அங்கேயே உட்கார்ந்து இந்தப் போனிடம் மூன்றாம் தேதி சொன்னதைப் படிக்கச் சொன்னேன். ஒரு பெண் குரலில் படித்தது. "காற்று காதுக்குள் போயிற்று." நான்தான் சொன்னேனா? மறந்தே போயிருந்தேன். நான், மறந்து போயிருந்தேன்.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். எழுந்து போனேன்.

டிசம்பர் 15

நேராக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகிறேன். திருப்பத்தில் விழுகிறேன். வலது திருப்பமோ இடது திருப்பமோ, ஒவ்வொன்றிலும்.

"உடம்பச் சாயும் வே, சைக்கிள் சாயுற பக்கமே சாயும். வெளக்குக் கம்பம் மாதிரி இருக்கேரு" என்கிறான் ஜெயினுலாப்தீன். சாய்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். மகேஷ் கல்யாணத்தில் போட்டோக்காரனும் இதையேதான் சொன்னான், தலையைக் கொஞ்சம் சம்பந்தி பக்கம் சாயுங்கள் என்று. சாய்த்தேன். படத்தில் பார்த்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள், நடுவில் நான் கம்பம்.

பொங்கல் கிட்டே வந்துவிட்டது. மகேஷ் டெம்போவுக்குச் சொல்லி வைத்துவிட்டானாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும்.

பேராச்சி மைதானத்துக்கு வந்தாள். முதல் தடவை. மரத்தடியில் உட்கார்ந்து நான் திருப்பத்தில் விழுவதைப் பார்த்தாள். எழுந்தேன், ஏறினேன், மறுபடி விழுந்தேன். அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என்ன ஓட்டுதீய? தலையில அண்டா இருக்க மாதிரியே ஓட்டுதீய."

அவள் சொன்னது சரிதான். தலையில் சுமை இருக்கிறவன் சாயவே கூடாது. கால் சறுக்கினாலும், நாய் குரைத்தாலும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கழுத்து நேராக நிற்க வேண்டும். திரும்பணும் என்றால் முழு உடம்போடுதான் திரும்ப வேண்டும். அப்படியே பழகிய கழுத்து இது. அண்டா இல்லை என்று டாக்டர் சொன்னது எனக்குத்தான் கேட்டிருக்கிறது, கழுத்துக்குக் கேட்கவில்லை.

"அசையாம நில்லுங்க" என்றாள்.

அண்டாவை ஏற்றவும் இறக்கவும் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். தானாக இறக்க முடியாது. நான் வியாபாரம் முடிந்து வந்ததும் வாசலில் பேராச்சிதான் இறக்கி வைப்பாள். இன்று அதே மாதிரி பெருவிரலில் எக்கி நின்று இரண்டு கையையும் என் தலைக்கு மேலே கொண்டு போனாள். வெறுங்காற்றைப் பிடித்தாள். "ம்" என்று மூச்சை இழுத்து, மெதுவாக இறக்கி, புல்லில் வைத்தாள். வைத்த பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள், நிஜமாகவே கனத்த மாதிரி. சும்மாட்டுத் துணியையும் எடுத்து உதறினாள். அதுவும் இல்லாத துணிதான்.

கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஆஜி க்யா கர் ரஹி ஹை?" பாட்டி என்ன செய்கிறாள் என்று ஒருவன் கேட்டான்.

"எறக்கியாச்சு. இப்பம் போங்க" என்றாள் என்னிடம்.

போனேன். திருப்பம் வந்தது. தலை தானாகச் சாய்ந்தது. போனே, என் தலை சாய்ந்தது. சைக்கிள் வளைந்து, மரத்தைச் சுற்றி, அவளைச் சுற்றி, மறுபடியும் அவளைச் சுற்றி வந்தது.

"தல சுத்துது, போதும்" என்றாள். நான் நிறுத்தவில்லை.

டிசம்பர் 30

கேரியரில் அரிசி மூட்டை கட்டி ஓட்டினேன். ஒரு தடவை சரிந்தேன். மூட்டையும் நானும் சேர்ந்தே எழுந்தோம். வால்வு பத்திரம்.

ஜனவரி 6, 2025, திங்கள்

மாட்டுங்காவுக்குப் போய்விட்டு வந்தேன். அண்டா கேரியரில், சாம்பார் தூக்கு ஒரு பக்கம், சட்னி ஒரு பக்கம். நடந்து விற்ற காலத்தில் கையில் வைத்து அமுக்கிக்கொண்டு போன ரப்பர் ஹாரனை ஜெயினுலாப்தீன் ஹாண்டில்பாரில் மாட்டிக் கொடுத்தான். இரண்டாம் மாடி ராஜலக்ஷ்மி மாமி சத்தம் கேட்டு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு, வெயிலுமுத்துவா? ஆத்துல எல்லாரும் பிரெட் தின்னுண்டிருக்கோம். எங்கே போயிட்டேள் இத்தனை நாள்?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன் மாமி" என்றேன்.

திரும்பும்போது ஒரு டாக்ஸி உரசப் பார்த்தது. கால் ஊன்றி நின்றேன். சட்னி கொஞ்சம் சிந்தியது. வெயிலுமுத்து விழவில்லை.

ஜனவரி 16

பொங்கலுக்குத் தொண்ணூறடி ரோடு முழுக்க வரிசையாகப் பானை வைத்தோம். மகேஷும் பிரேமலதாவும் வந்தார்கள். மகேஷ் டெம்போவைப் பற்றி வாயெடுக்கவில்லை. சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான், பிரேக்கை அமுக்கிப் பார்த்தான், "சலேகா, ஓடும்ப்பா" என்றான். பிறகு என்னை அதில் ஏறச் சொல்லி, பேராச்சியைப் பக்கத்தில் நிறுத்தி, போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினான்.

பார்த்தான். போனை இறக்கினான். மறுபடி உயர்த்தினான்.

"அப்பா, தலை ரொம்ப அம்மா பக்கம் சாஞ்சிருக்கு. கொஞ்சம் நேரா வைங்க."