வலிப்பு என்று வைத்துக்கொள்வோம்

ஜூன் 18, புதன்

இன்று முதல் நான் போதைப்பொருள் ஒழிப்பு மன்றத்தின் பொறுப்பாசிரியர். தலைமையாசிரியர் பார்த்திபன் சார் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் நான் என்று கேட்டேன். "நீங்கதான மேடம் கெமிஸ்ட்ரி" என்றார். இந்தக் கணக்கில் தமிழய்யாவிடம் காதல் கடித ஒழிப்பு மன்றத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

பொறுப்பு என்றால் என்ன வேலை? 26ஆம் தேதி பேரணி, உறுதிமொழி, போட்டோ. போட்டோவை அன்று மாலைக்குள் மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகள் யாராவது மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். நம் பள்ளியில் அதெல்லாம் கிடையாது என்றார். அப்படியானால் கிடையாத ஒன்றை ஒழிப்பதற்குத்தான் எனக்கு மன்றம்.

வீட்டில் அமானுல்லாவிடம் சொன்னேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கிற மனிதர். பேரணி எவ்வளவு தூரம், பிள்ளைகள் என்ன செருப்பு போட்டு வருவார்கள் என்று கேட்டார். அவராவது நடைமுறையாகக் கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பிள்ளைகள் அட்டைகள் எழுதி முடித்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் மண்டையோடு. பாதி மண்டையோடுகள் சிரிக்கின்றன.

பேனர் வந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தணிகாசலம் உபயம். எளாவூரில் லாரிகள் ஓட்டுகிறவர். பேனரில் அவர் கைகூப்பி நிற்கிறார், பக்கத்தில் தாளாளர், அதற்குப் பக்கத்தில் பார்த்திபன் சார். 'போதை ஒழிப்போம்' என்பது தணிகாசலத்தின் முழங்கைக்குக் கீழே கிடைத்த இடத்தில் இருக்கிறது.

அவர் மகன் ஜெகன் என் பன்னிரண்டாம் வகுப்பு. போன வருடம் முதல் பெஞ்சு. இப்போது கடைசி பெஞ்சில், பாதி நேரம் தலை மேசைமேல். கேட்டால் "தூக்கம் மிஸ்" என்கிறான். இன்று முகத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தணிகாசலத்திடம் சொல்லலாமா? எப்படிச் சொல்வது? பேனரில் கைகூப்பி நிற்கிறாரே மனிதர்.

பேரணி முடியட்டும்.

ஜூன் 26, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பேரணி கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் திரும்பியபோது ஒரு பையன் மூச்சிரைக்க ஓடிவந்து, ஜெகன் விழுந்துவிட்டான் என்றான். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால். நான் திரும்பி ஓடினேன். பார்த்திபன் சார் முன்னால் பேனரைப் பிடித்திருந்தார், அவருக்குக் கேட்கவில்லை.

முதலில் பார்த்தவள் நர்மதா, அதே வகுப்பு. அட்டையை மறந்துவிட்டு எடுக்க வந்தவள். அவளிடம் செல்போன் இருந்தது. எங்கள் பள்ளியில் செல்போன் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் எடுத்து 108க்கு அடித்திருக்கிறாள். "மாத்திர போட்டுகினு மூச்சு வுடாம கீறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பி.டி. மாஸ்டர் ஜெரால்ட் பின்னாலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார். அவர் கண்ணில் முதலில் பட்டது போன். பையன் அப்புறம்தான் பட்டிருக்கிறான்.

பிடுங்கிய போனை என்ன செய்தார்? தலைமையாசிரியர் அறையில் இரும்பில் ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறோம். பறிமுதல் செய்த போனை மேலே உள்ள சந்து வழியாக உள்ளே போட வேண்டும், கோயில் உண்டியல் மாதிரி. சாவி பார்த்திபன் சார் சட்டைப்பையில். சட்டை பேரணியில். ஜெரால்ட் ஓடிப்போய் அதில் போட்டுவிட்டு, அதன் பிறகு பையனிடம் ஓடிவந்திருக்கிறார். முறை தவறாத மனிதர்.

ஆம்புலன்ஸ்காரர் எந்தப் பள்ளி, எந்த கேட் என்று கேட்பதற்குத் திரும்பத் திரும்ப அந்த நம்பருக்கே அடித்திருக்கிறார். பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாராம். நான் வந்து என் போனிலிருந்து 108க்குப் பேசியபோது, வண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளி வாசலில் நிற்கிறது என்றார்கள். அந்தப் பள்ளியிலும் பேரணி.

ஜெகனின் உதடு நீலமாக இருந்தது. எதிர்க்கடையில் அரிசி இறக்கிக்கொண்டிருந்த குட்டியானை வண்டியில் தூக்கிப் போட்டு நானும் ஏறினேன். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்தபடியே அரசு ஆஸ்பத்திரி வரை. அங்கே ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து "மிஸ், பேரணி முடிஞ்சிச்சா?" என்றான். அழுதுவிட்டேன். அடி விழும் உனக்கு என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

டாக்டரம்மா தணிகாசலத்திடம் தெளிவாகச் சொன்னார். மாத்திரை, அதுவும் ரொம்ப நாளாக. சென்னைக்குக் கூட்டிப்போய் சிகிச்சையில் சேருங்கள், இல்லாவிட்டால் மறுபடி நடக்கும். அவர் தலையாட்டினார். பிறகு அங்கிருந்த எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார்.

ஜூன் 27, வெள்ளி

நேற்றைய பேரணிப் போட்டோக்களுக்கு மாவட்டத்திலிருந்து பாராட்டு.

ஜூன் 30, திங்கள்

அவசரக் கூட்டம். தணிகாசலம், பார்த்திபன் சார், ஜெரால்ட், நான்.

ஜெகனுக்கு வந்தது ஃபிட்ஸாம். "சின்னதுலேர்ந்தே கீது சார், வெளிய சொல்லிக்கிறதில்ல" என்றார் தணிகாசலம். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்காமலே சொன்னார். பார்த்திபன் சாருக்கு உயிரே வந்துவிட்டது. ஃபிட்ஸ் நல்ல வியாதி. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பையன் விஷயம் முடிந்தது. அடுத்தது நர்மதா. குற்றம் ஒன்று: செல்போன். குற்றம் இரண்டு: 108இல் 'மாத்திரை' என்று சொன்னது. பள்ளியின் பெயர் என்ன ஆவது? அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் அவளும் அந்தக் கூட்டமா? டி.சி. கொடுத்துவிடலாம் என்று முடிவு. விழுந்தவன் பள்ளியில் இருப்பான், தூக்கிவிட்டவள் வெளியே போவாள். ஜெரால்ட் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

நர்மதாவின் அப்பா அரசப்பன் வந்திருந்தார். நெல் விவசாயம். கோபமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "டீசி குடுத்தா குடுங்க. பொம்பளப் புள்ளைக்கு இம்மாம் படிச்சதே போதும், பையன் ரெடியா கீறான்" என்றார்.

அவளை லேபுக்குக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் மாத்திரை போடுவது முன்பே தெரியுமா என்றேன். வகுப்புக்கே தெரியுமாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை? "சொன்னா இன்னா பண்ணுவீங்க மிஸ்? அவனுக்கு டி.சி. குடுப்பீங்க. சொன்னவளுக்கும் குடுப்பீங்க." அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று பேச்சை மாற்றினேன். நர்ஸிங் படிக்க ஆசையாம் அவளுக்கு.

ஜூலை 3, வியாழன்

வழி கிடைத்துவிட்டது! ரயிலில் வரும்போது தோன்றியது.

பார்த்திபன் சாரிடம் போனேன். சார், ஜெகனுக்கு வந்தது ஃபிட்ஸ்தானே? ஃபிட்ஸ் வந்த பையனுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்ட பெண்ணை எதற்காக அனுப்புகிறோம்? நாளைக்குப் பேப்பர்காரர் கேட்டால்? அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். அது ஃபிட்ஸ் என்றால் அவள் முதலுதவி செய்தவள். அது மாத்திரை என்றால் நாம் எல்லோரும் மாட்டினோம். இரண்டில் ஒன்றுதான் சார்.

"அப்ப நீங்களும் ஃபிட்ஸுன்னே சொல்லுவீங்களா மேடம்?"

சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அமானுல்லா தட்டிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார், பொய்தானே என்று. பொய்தான், ஆனால் அவள் படிப்பாள் என்றேன். குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

ஜூலை 4, வெள்ளி

ஜெகனின் அம்மா ஈஸ்வரி வந்தார். பார்த்திபன் சார் அறையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊட்ல அவரு ஃபிட்ஸுன்றாரு. எனுக்கு ஒண்ணும் புரில மிஸ். நீங்க கூடப் போனீங்க, நீங்களே சொல்லுங்க."

மனைவியிடம்கூடச் சொல்லவில்லையா அந்த மனுசன்?

பார்த்திபன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் நர்மதாவுக்கு எழுதிய டி.சி. இன்னும் கிழித்துப்போடாமல் கிடந்தது.

"ஃபிட்ஸ்தாம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது. அவர்கள் பக்கத்திலும் ஒரு மாமாவுக்கு இருந்ததாம், வயது ஏற ஏறச் சரியாகிவிட்டதாம். என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். பார்த்திபன் சார் டி.சி.யை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். ஒரு வாரம் போகட்டும், வீட்டுக்கே போய் அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

நர்மதாவுக்குப் பரிசு. எவர்சில்வர் டிபன் கேரியர், பேர் பொறித்தது. பார்த்திபன் சார் வலிப்பு நோயைப் பற்றி நெடுநேரம் பேசினார். பையன்களில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நர்மதா சிரிக்கவில்லை. கேரியரை வாங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஜெகனை நிறுத்திவைத்துக் கேட்டேன். சென்னைக்குப் போகவில்லையாம். "யாராவது பாத்துட்டா பேஜாருன்னு அப்பா வேணான்னுட்டாரு மிஸ்." விட முடியவில்லையாடா என்றேன். விட்டால் உடம்பெல்லாம் முறுக்குகிறது என்றான். நான் கூட்டிப்போகிறேன், புதன்கிழமை என்றேன். "நெஜமாவா மிஸ்?" என்றான்.

ஜூலை 16, புதன்

ஆய்வுக்கு வருகிறார்களாம். விடுப்பு கிடையாது. அடுத்த புதன்.

ஜூலை 23, புதன்

மாதத் தேர்வு. அடுத்த புதன் கட்டாயம்.

ஜூலை 27, ஞாயிறு

ஜெகன் போயிட்டான்.

மத்தியானம். அப்பா செக்போஸ்ட்ல லாரியோட. வீட்டுல அம்மா மட்டும். சாப்ட்டுப் படுத்தவன் ஒரு மாதிரியா மூச்சு வுட்டானாம். வாயில நுரை. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து ஆம்புலன்ஸுன்னாங்களாம். ஈஸ்வரியம்மா வேணான்னாங்களாம். ஃபிட்ஸுதான், டீச்சரே சொன்னாங்க, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும், கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்னு.

வலிப்புக்கு என்ன செய்வார்களோ அதையே செய்திருக்கிறார். பீரோ சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெளியும் தெளியும் என்று.

யா அல்லாஹ். நான் சொன்னதை நம்பி.

ஜூலை 28, திங்கள்

பிரேயரில் இரண்டு நிமிடம் மௌனம். 'உடல்நலக் குறைவால்' என்றார் பார்த்திபன் சார். பிறகு எளாவூருக்குப் போனோம்.

தணிகாசலம் வருகிறவர்களிடமெல்லாம் ஃபிட்ஸ், ஃபிட்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

ஈஸ்வரியம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரையாமே. ஆஸ்பத்திரில சொன்னாங்கோ. உங்களுக்கு அப்பவே தெரியுமா மிஸ்?"

"தெரியும்மா."

கையை விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெற்றோர் கூட்டம். தணிகாசலமே தலைமை. காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்திருந்தார். பார்த்திபன் சாரிடம் ஒரு யோசனை இருந்தது: அடுத்த மாதம் ஒரு பேரணி. வலிப்பு நோய் விழிப்புணர்வுப் பேரணி. முன்னால் ஜெகன் படம் போட்டு பேனர். தலைவர் உபயம். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். என்ன பேச வேண்டும் என்று பல நாளாக எழுதி எழுதி அடித்திருந்தேன், அதில் ஒன்றும் நினைவில்லை. ஜெகன் மாத்திரையால் செத்தான், எனக்குத் தெரிந்தும் இல்லையென்று சொன்னேன் என்றேன். யாராவது இப்படி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உடனே 108, என்ன போட்டான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூப்பிட்ட பிள்ளையை யாரும் தண்டிக்கக் கூடாது, விழுந்த பிள்ளையையும் துரத்தக் கூடாது, சிகிச்சைக்கு நான் கூடவே வருகிறேன், எந்த நாளானாலும் விடுப்பு போட்டுவிட்டு— அவ்வளவில் மைக் அணைந்துவிட்டது. பார்த்திபன் சார் கரண்ட் போய்விட்டது என்றார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் மனசு சரியில்லாமல் பேசுகிறார், என் பையனுக்கு ஃபிட்ஸ்தான் என்றார் தணிகாசலம்.

பெண்கள் பக்கம் பின்வரிசையிலிருந்து ஈஸ்வரியம்மா எழுந்தார். வந்திருப்பதே எனக்குத் தெரியாது. மைக் இல்லாமல்தான் பேசினார், எல்லோருக்கும் கேட்டது.

"எம்புள்ள மாத்திர போட்டுதான் செத்தான். நான் சாவிய குடுத்துகினு ஒக்காந்திருந்தேன். நீங்க யாரும் அப்பிடி ஒக்காராதீங்க."

உட்கார்ந்துவிட்டார். தணிகாசலம் மொட்டைத் தலையைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, தானாகக் கலைந்தது. ஈஸ்வரியம்மா என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மெமோ வரும் என்று ஜெரால்ட் காதோடு சொன்னார். வரட்டும். பையை எடுக்க லேபுக்குப் போனேன். வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். சிப்காட் கம்பெனிச் சீருடை, ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர். கதவைச் சாத்திவிடலாமா என்று கேட்டார். சாத்தினேன். அவர் பையன் பத்தாம் வகுப்பு. தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை. அவர் பேசி முடிப்பதற்குள் வெளியே யாரோ மெதுவாகத் தட்டினார்கள். இன்னொரு அம்மா. அவருக்குப் பின்னால் வராண்டாவில் ஒரு அப்பா, போனைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அமானுல்லா ஏன் என்று கேட்டார். திங்கட்கிழமை விடுப்பு, சென்னைக்கு மூன்று பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன் என்றேன்.