அப்பா பீர்க்கன்கரணையில் இல்லை

ஜெர்சன்,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கார் சாவியை நான் எடுத்துப் போகிறேன்.

நாம் கனடா போகுமுன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும் சுற்றில், நேற்று குரோம்பேட்டை சரோஜினி அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது, ஞாயிறு போகலாம் என்றிருந்த பீர்க்கன்கரணை அப்பா வீட்டுக்கும் பொறுக்காமல் போனேன். அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். எதிர்வீட்டு பூவம்மாள் அக்காதான் சொன்னார்: "இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? உங்கப்பா மாடம்பாக்கத்துல முதியோர் இல்லத்துக்குப் போயி மூணு மாசமாவுது."

விசா அலைச்சலில் நேரில் போக முடியாவிட்டாலும் தினமும் வீடியோ காலில் பேசினேன். அவர் பின்னால் வெறும் சுவர்தான் தெரிந்தது.

அங்கேயும் போனேன். பதிவேட்டில், சேர்த்தவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. அப்பாவைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா கிளம்ப மாட்டா மாப்பிள்ளை" என்று அவர்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். அது புரிகிறது. ஆனாலும் மூன்று மாதம் என் பக்கத்தில் படுத்து எப்படித் தூங்கினீர்கள்?

இன்று அவரைக் கூட்டி வருகிறேன். ஹாலில் பெட்டிகளை ஓரமாக நகர்த்திக் கட்டிலைப் போட்டு வையுங்கள்.

ஜோசலின்

டிக்கெட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. நாங்கள் வரும்போது நீங்கள் வீட்டில் இருங்கள். அப்பா முன்னால் சண்டை போட மாட்டேன்.